குப்பை ஒதுக்கீடு

“உனக்குக் குடுக்கக் குப்பை இல்லையேம்மா” என்றார் ஒருங்கிணைப்பாளர் மேடம். கடையில் சர்க்கரை தீர்ந்துபோனதைச் சொல்லும் குரல். அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, நிறைய எரிச்சல் இருந்தது.

தன் காதில் விழுந்தது சரிதானா என்று நெட்டைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த அலுவலகத்துக்கு வந்த வழி முழுக்க அவள் குப்பையைத் தாண்டித் தாண்டித்தான் வந்திருந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஒரு குவியல், பாலத்தடியில் ஒரு குவியல். இந்த அலுவலகத்தின் சுற்றுச்சுவர் ஓரத்திலேயே, ‘தூய்மை நம் மூச்சு’ என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே, நாய் படுத்துத் தூங்கும் அளவுக்கு ஒரு குவியல்.

“வாசல்லயே கிடக்குதே மேடம்?”

“அது அடுத்த வருஷம் சேரப்போற ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு ஒதுக்கினது. போறப்ப தொட்டு கிட்டுத் தொலைச்சிடாத.”

நெட்டைக்குக் கல்லூரிப் பதிவேட்டில் நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குத் துரத்தப்பட்ட நாளிலிருந்து ஊர் உலகத்துக்கு அவள் நெட்டைதான். பெற்ற அம்மாவே அப்படித்தான் கூப்பிடுவாள். ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்து, எல்லாப் பாடத்திலும் தேறி, ஒரு பெரிய மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலையும் வாங்கிவிட்டாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பட்டச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும், வராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு வேலை போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த வீட்டில் சம்பாதிப்பது அம்மா ஒருத்தி. பள்ளிச் சீருடை தைப்பவள். சில மாதங்களாக அவள் ஊசியில் நூல் கோர்க்க மகளைத்தான் கூப்பிடுகிறாள். கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. நரம்பில் கோளாறு, தையலை விடுங்கள் என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அது அவர் துறை இல்லை.

ஆகவே பட்டச் சான்றிதழ் வாங்க நெட்டை கல்லூரிக்குப் போனாள். தலைமை எழுத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளைப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“பசுமை மணி முடிக்கலையேம்மா நீ. சுற்றுச்சூழல் சேவைக்குன்னு இத்தனை மணி நேரம் இருக்கு, அதை முடிச்சாத்தான் சான்றிதழ்.”

“சார், அது இஷ்டப்பட்டவங்க செய்யற தன்னார்வத் தொண்டுன்னு சொன்னாங்களே?”

“ஆமாம்மா. தன்னார்வம் இப்ப கட்டாயம். தானா முன்வராதவங்களுக்குப் பட்டம் கிடையாது.”

மூன்று வருடமும் மாலை நேரங்களில் அவள் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள் என்பதைத் தலைமை எழுத்தர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொத்தானில் பசுமை எதுவும் இல்லை.

இப்படியாகத்தான் அவள் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு மற்றும் மாணவர் தன்னார்வ வாய்ப்பு மையத்துக்கு வந்து சேர்ந்தாள். ஜன்னல்கள் அடைக்கப்பட்டு ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் கொடி படர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள், பிளாஸ்டிக். நிஜக் கொடி வைத்தால் பூச்சி வருகிறதாம்.

“முன்னெல்லாம் குப்பை நிறைய, பசங்க கம்மி” என்று மேடம் பொறுமையாக விளக்கினார். “இப்ப எல்லா காலேஜும் கட்டாயமாக்கிட்டாங்க. பசங்க குவியறாங்க. ஆனா அங்கீகரிச்ச குப்பை அதே அளவுதான இருக்கு?”

“குப்பையில அங்கீகாரம் வேறயா மேடம்?”

“பின்ன? நாறக் கூடாது, கையக் கிழிக்கக் கூடாது, போட்டோல பளிச்சுன்னு தெரியணும். கண்ட குப்பையக் கண்ட இடத்துல பசங்க அள்ளினா மையத்துக்கு என்ன மரியாதை?”

“வேற ஏதாவது குடுங்க மேடம். மரம், செடி, பறவை, எதுவா இருந்தாலும் செய்யறேன்.”

“கொக்கு எண்ணுறது இருந்துச்சு. ஏரியில இருந்தது ஒரே கொக்கு. தினமும் பஸ் பஸ்ஸா போய் எண்ணினாங்க. அது ஓடிப்போச்சு.”

“எங்க போச்சாம்?”

“அதைத் தேடற தன்னார்வம் ஒண்ணு போட்டோம். அதுவும் ஃபுல்.”

நெட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. மேடமும் பிள்ளை பெற்றவர்தான். சனிக்கிழமை ஏரித் தூய்மைக்கு வந்து ஓரமாக நிற்கச் சொன்னார். ஒதுக்கீடு வாங்கிய யாராவது வராமல் போனால் அந்த இடம் அவளுக்கு.

பயத்தில் அவள் விடிந்ததும் விடியாததுமாக ஏரிக்கரைக்குப் போய்விட்டாள். அங்கே மையத்தின் சட்டை போட்ட ஒரு ஆள் சாக்கிலிருந்து பாட்டில்களை எடுத்துப் புல் மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் வந்து திருப்பி வைப்பார்.

“என்னண்ணே பண்றீங்க?”

“தளத் தயாரிப்பு” என்றார் அவர், கட்டடம் கட்டும் பொறியாளரின் மிடுக்கோடு. “சாயங்காலம் பசங்க பொறுக்கிக் குடுத்ததைக் கழுவிக் காய வைப்பேன். மறுநாள் காலையில விரிச்சிடுவேன். இந்த எண்ணெய் கேன் இருக்கு பாரு, மையம் ஆரம்பிச்சப்பலேருந்து கூட இருக்கு. எனக்கே சீனியர்.”

“அந்தக் கரையில நெஜமாவே மலையாட்டம் கிடக்குதேண்ணே. அதை எடுக்கக் கூடாதா?”

“அதுக்கு இன்னும் அனுமதி வரலம்மா. அது சும்மா குப்பை.”

பஸ்கள் வந்தன. பச்சைத் தொப்பிகள் இறங்கின. பந்தல் நிழலில் மையத்தின் இயக்குநர் வெயிலின் கொடுமையைப் பற்றி நெடுநேரம் பேச, பந்தலுக்கு வெளியே நின்ற மாணவர்கள் அதை நேரடியாக உணர்ந்துகொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றி அவர் பேசும்போது எல்லோருக்கும் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் வந்தது. கடைசியில் அவர் விசில் ஊதினார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தூய்மைப் பணி என்று சொல்ல மனம் வரவில்லை. கூட்டம் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. ஒற்றைச் செருப்பு கிடைத்தவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடம் நின்ற பக்கம் ஓடினான். இரண்டு பெண்கள் ஒரு பிஸ்கட் உறையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு, தோழிகளாக இருந்த நாட்களை மறந்து திட்டிக்கொண்டார்கள். ஒதுக்கீடு வாங்கியவர்களில் ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் நெட்டைக்கும் இடம் கிடைத்தது. கையுறைதான் ஒன்றே ஒன்று கிடைத்தது. நீண்ட கையை நீட்டி எண்ணெய் கேனின் பிடியை எட்டிப் பிடித்தும் விட்டாள். கேனின் அடிப்பக்கத்தை இன்னொருவன் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

“ஒரு பொருளுக்கு ஒருத்தர்தான் கணக்கு!” என்று மேடம் மைக்கில் கத்தினார்.

“அக்கா, விட்டுடுங்கக்கா. அப்பா என்னைக் கொன்னுடுவார்.”

“எனக்கு வேலையே போயிடும்டா தம்பி!”

அவன் அவள் கையைக் கடித்தான். அவள் விட்டுவிட்டாள்.

கூட்டம் கலைந்தபோது புல்வெளி முழுக்க அந்த உள்ளங்கை பாட்டில்கள் இறைந்து கிடந்தன. நெட்டைக்கு உயிர் வந்தது. மடி நிறையப் பொறுக்கிக்கொண்டு மேடத்திடம் ஓடினாள்.

“அய்யே, அதைக் கீழ போடு. அது நம்ம நிகழ்ச்சிக் கழிவு. சுற்றுச்சூழல் குப்பையில வராது.”

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். அன்று பிற்பகல் மழை கொட்டியது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் சிறுபாலத்தடியில் அடைத்துக்கொண்டு, கறுப்புத் தண்ணீர் கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்தது. பாதி தைத்த சீருடைகள் நனைந்து நாறின. அம்மா அவற்றை மறுபடி அலசி உலர்த்தினாள். அவள் திட்டியிருந்தால் நெட்டைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெட்டை கால்வாயில் இறங்கினாள். இடுப்பளவு சேறு. எதிர்வீட்டு மெக்கானிக் பல் துலக்கிக்கொண்டே பார்த்தார், வாயைக் கொப்பளித்துவிட்டு அவரும் இறங்கினார். பிறகு தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். கிழிந்த பைகள், உடைந்த மின்விசிறி, ஒரு கதவு, தண்ணீர் குடித்து யானைக்குட்டி மாதிரி ஊதிப்போயிருந்த இரட்டைக் கட்டில் மெத்தை. எல்லாம் கரைக்கு வந்தன. பாலத்தடியில் அடைப்பு விட்டதும் தண்ணீர் பெரிய மூச்சு விட்டாற்போல் இரைந்துகொண்டு ஓடியது. தெருவே கைதட்டியது.

மெக்கானிக் குவியலின் முன்னால் நெட்டையை நிற்க வைத்துப் படம் எடுத்தார். “உனக்கு அந்தப் பசுமை எழவு ஏதோ வேணும்னியே, இதைக் கொண்டு போய்க் காட்டு. மூஞ்சியில சேறு இருக்கு, தொடைக்காத. சேறு இருந்தாத்தான் நம்புவானுங்க.”

திங்கட்கிழமை மேடம் அந்தப் படத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. எழுந்து, நாற்காலியில் இடித்துக்கொண்டு, இயக்குநரின் அறைக்குள் ஓடினார். சற்று நேரத்தில் நெட்டையும் உள்ளே அழைக்கப்பட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

“யாரைக் கேட்டு சுத்தம் பண்ணீங்க?” என்றார் இயக்குநர்.

“சார், வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு.”

“அது உங்க வீட்டு விஷயம். கால்வாய் மையத்தோட விஷயம். அந்தக் கால்வாயைக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்திட்டு வர்றேன்மா நான். மாநகராட்சி ரெண்டு தடவை லாரி எடுத்துட்டு அள்ள வந்தான். ரெண்டு தடவையும் போன் போட்டுக் கெஞ்சித் திருப்பி அனுப்பினேன். யாருக்காக? எனக்காகவா? மாணவர்களுக்காக!”

அவர் குரல் தழுதழுத்தது. பேச்சு தானாகவே மேடைத் தமிழுக்கு ஏறியது.

“சுற்றுச்சூழலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற துடிப்போடு ஒரு பிள்ளை நம்மிடம் வருகிறது. அந்தப் பிள்ளைக்கு ஒரு அசுத்தமான இடத்தைக் கொடுக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறதா இல்லையா? இன்றைக்கே எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டால் வருங்காலத் தலைமுறைக்கு எதை விட்டுவிட்டுப் போகப் போகிறோம்?”

மேடம் காகிதக் கைக்குட்டை நீட்டினார். இயக்குநர் கண்ணைத் துடைத்து, ‘மக்கும்’ என்று எழுதிய கூடையில் அதைப் பக்குவமாகப் போட்டார்.

“இதுல தன்னார்வம் எங்க இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்? உங்க வீட்டுல தண்ணி வரக் கூடாதுன்னு செஞ்சிருக்கீங்க. சுத்த சுயநலம். புதன்கிழமை சிறப்பு விருந்தினர் வர்றார். அந்த மெத்தையை அவர் தொட்டு நிகழ்ச்சியைத் தொடங்கறதா ஏற்பாடு. அழைப்பிதழே அடிச்சாச்சு. இப்ப ஓடற தண்ணியையா அவருக்குக் காட்டறது?”

“சார், தெரியாம செஞ்சுட்டேன் சார். வெள்ளிக்கிழமைக்குள்ள சான்றிதழ் இல்லைன்னா எனக்கு வேலை இல்ல சார். அம்மாவுக்குக் கண்ணு தெரியல. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்.”

அவள் குனிந்தே விட்டாள். அவ்வளவு உயரமான பெண் அவ்வளவு தூரம் குனிவதைப் பார்க்க மேடத்துக்குப் பொறுக்கவில்லை.

“சார், நம்ம சூழல் மீட்புப் பிரிவுல இடம் இருக்கு. ‘மாற்றம் செய்யப்பட்ட இடத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுவருதல்’. அதுல மணியும் நிறைய. இதுவரைக்கும் யாருமே சேரல. குப்பை இன்னும் கரையிலதான் கிடக்காம். லாரி வரலையாம்.”

இயக்குநர் யோசித்தார். முகம் மலர்ந்தது.

“நல்லது. எல்லாத்தையும் திரும்பக் கால்வாய்ல போட்டுடுங்க. புதன்கிழமை மேடையிலேயே சான்றிதழ்.”

நெட்டை சிரித்துவிட்டாள். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆகவே அவளும் நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நாம அள்ளினதை நாமளே திரும்பக் கொட்டணுமா?”

“ம்.”

“கொட்டினா சான்றிதழ் குடுத்துடுவானுங்களா? அப்பறம் இது நொட்டை அது நொள்ளைன்னு இழுக்க மாட்டானுங்களே?”

“குடுத்துடுவாங்களாம்.”

“அப்ப எழுந்திரு.”

“அம்மா, மறுபடி மழை வந்தா உள்ள வந்துடும்மா.”

“வந்தா கட்டில் மேல ஏறி உக்காந்துக்கலாம். இந்த வேலை போச்சுன்னா எதுமேலடி ஏறி உக்கார்றது?”

செவ்வாய்க்கிழமை தாயும் மகளும் குப்பையைக் கால்வாயில் கொட்டினார்கள். தளத் தயாரிப்பாளர் கரையில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தார்.

“இப்படி வரிசையா அடுக்காதீங்கம்மா. அலமாரியா இது? ஜனங்க வீசினாப்பல இருக்கணும். ஆங், அந்தப் பையை மட்டும் கொஞ்சம் அலட்சியமாப் போடுங்க பார்ப்போம். அப்படித்தான்!”

தெரு கூடிவிட்டது. முந்தாநாள் கைதட்டிய அதே ஆட்கள். “பைத்தியம் பிடிச்சிருச்சா உங்களுக்கு?” என்று ஒருத்தி கேட்டாள். “தண்ணி உன் வீட்டுக்கு மட்டுமாடி வரும்?” என்று இன்னொருத்தி கத்தினாள். நெட்டை குனிந்த தலை நிமிரவில்லை. தலையை எவ்வளவு தாழ்த்தினாலும் அவள் எல்லோருக்கும் தெரிந்துகொண்டேதான் இருந்தாள்.

மெக்கானிக் கையில் ஸ்பானரோடு வந்து நின்றார். “அக்கா, என்னக்கா இது? ஞாயித்துக்கிழமை முதுகு ஒடிய அள்ளினேன். இன்னும் நிமிர முடியல.”

“தெரியும்பா. எங்களை மன்னிச்சுக்கோ” என்றாள் அம்மா. “இவ சான்றிதழுக்கு இதான் வழியாம்.”

மெத்தை மட்டும் பாக்கி இருந்தது. தாயும் மகளும் இழுத்தார்கள். அது அசையவில்லை. அம்மா சேற்றில் சறுக்கி உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி பிடித்தாள். மெக்கானிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு, மையத்தையும் அதன் முன்னோர்களையும் வாய் ஓயாமல் வைதுகொண்டே மெத்தையின் மறுமுனையைத் தூக்கினார்.

“சீக்கிரம் வேலைக்குப் போய் முதல்ல என் ரத்தத்தை டெஸ்ட் பண்ணுடி நெட்டை. எவ்வளவு கொதிக்குதுன்னு பார்த்துச் சொல்லு.”

மெத்தை விழுந்ததும் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

புதன்கிழமை சிறப்பு விருந்தினர் வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு மெத்தையை ஒரு விரலால் தொட்டார். படம் எடுத்தார்கள். விரலுக்குக் கிருமிநாசினி போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். பச்சைத் தொப்பி மாணவர்கள் கரையில் அட்டைகளைப் பிடித்து நின்றார்கள். யாரையும் கால்வாயில் இறங்க விடவில்லை. அந்தக் குப்பை வருடம் முழுக்க வர வேண்டும் அல்லவா?

மேடையில் நெட்டையின் நல்ல பெயரை முதல்முறையாகத் தெரு கேட்டது. ‘சீர்குலைந்த சூழலை இயல்பு நிலைக்கு மீட்ட அரிய சேவைக்காக’ என்று மேடம் வாசித்தார். “தெருவுக்கு ஒரு இளைஞர் இப்படி இருந்தால் போதும், இந்த நகரம் எங்கேயோ போய்விடும்” என்றார் இயக்குநர். தெரு அவரையும் நெட்டையையும் மாறி மாறிப் பார்த்தது. மேடம் மட்டும் கைதட்டினார்.

வெள்ளிக்கிழமை நெட்டை வேலையில் சேர்ந்தாள். வெள்ளைக் கோட்டின் கை அவளுக்கு முழங்கைவரைதான் வந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா, “இனிமே நான் தைக்க வேண்டாம் இல்ல?” என்று கேட்டாள். ஏதோ சலுகை கேட்பது போலக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பிடித்தது. தண்ணீர் இம்முறை கொல்லைப்புறம், வாசல் என்று பார்க்கவில்லை, இரண்டு வழியாகவும் வந்தது. நெட்டை அம்மாவைக் கட்டில் மேல் ஏற்றி உட்கார வைத்தாள். தையல் மிஷினையும் பக்கத்தில் ஏற்றிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று வாளியால் மொண்டு வெளியே ஊற்ற ஆரம்பித்தாள். அப்போது வாசலில் குரல் கேட்டது. பச்சைத் தொப்பியோடு அரை டஜன் மாணவர்கள், கையில் பதாகை.

“அக்கா, வெள்ளத்துல பாதிக்கப்பட்ட குடும்பம் நீங்கதானே?”

“நாங்கதான்.”

“அப்பாடா! எதிர்வீட்டுக்காரர் அடிக்க வந்துட்டாருக்கா. நாங்க ஆறுதல் சொல்ற பிரிவு. உங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டு ஒரு போட்டோ எடுத்துக்கணும்.”

“ஆறுதல் அப்பறம் சொல்லலாம். ஆளுக்கொரு பாத்திரம் எடுங்க, இறைச்சு ஊத்துங்க.”

மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன்னால் நின்ற குட்டைப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“தண்ணி இறைக்கறது வேற பேட்ச்சுக்கா. அவங்க சாயங்காலம்தான் வருவாங்க. அதுவரைக்கும் தண்ணி இருக்கணும், யாரும் இறைச்சிடாமப் பார்த்துக்கோங்கன்னு மேடம் சொல்லி அனுப்பினாங்க.”

நெட்டை வாளியை ஓங்கினாள். அந்தத் தண்ணீர் அந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருக்க வேண்டியது. குட்டைப் பெண் நகரவில்லை.

“அக்கா, ப்ளீஸ்க்கா. நாளைக்குள்ள இந்த மணி முடியலைன்னா எனக்கு வேலை போயிடும். வீட்டுல நான் ஒருத்திதான்கா.”

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. கட்டில் மேலிருந்து அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணுக்கு எவ்வளவு தெரிந்ததோ. நெட்டை வாளித் தண்ணீரைக் காலடியிலேயே கொட்டிவிட்டு, வாளியை மெல்லக் கீழே விட்டாள். அது தண்ணீரில் மிதந்து போய் அடுப்பங்கரை நிலையில் முட்டி நின்றது.

“உள்ள வாங்க. பார்த்து வாங்க, படி இருக்கு.”

அவள் கட்டிலேறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு பேரும் தண்ணீரில் நின்று பதாகையை விரித்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

“எப்படி இருக்கணும், சொல்லு” என்றாள் நெட்டை.

“தப்பா நினைச்சுக்காதீங்கக்கா” என்றாள் குட்டைப் பெண். “கொஞ்சம் அழற மாதிரி இருந்தா நல்லாருக்கும்.”

அதற்கு நெட்டை பெரிதாகச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.